கண்காணி – கங்காணி: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு சொற்பொருள் வரலாறு

முன்னுரை

பிறர் செய்யும் பணியைக் கவனித்து நெறிப்படுத்துதலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் 'கண்காணி' பழமையானது. இது பெயராகவும் வினையாகவும் வரும். இதன் திரிபாகிய 'கங்காணி' பெயராகவே நிலைபெற்றது. ணகர மெய் ககரத்தின் இனமாகிய ஙகரமானது ஒலி மாற்றமே. ஆயினும் அதனுடன் பொருளும் பிரிந்தது. இப்பிரிவைத் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் வழக்குகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வெட்டு வழக்கு

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நிருவாகத்தை மேற்பார்வையிட்டோர் 'கண்காணி செய்வார்' எனப்பெறுகின்றனர். இங்குக் 'கண்காணி' பெயர். 'செய்' அதனை வினையாக்குகிறது. கண்காணிக்கப்பெறுவது கோயிற்பணி. திருமந்திரம் எங்கும் நிறைந்து காணும் இறைவனையே இச்சொல்லால் சுட்டுகிறது. ஆகவே முற்கால வழக்கில் இஃது உயர்வுப்பொருளும் ஏற்றது.

தோட்ட வழக்கு

19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டியவர் கங்காணி. முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்றவரும், வேலை வாங்கியவரும், கடனை வசூலித்தவரும் அவரே. வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளர் கடனைக் குறித்த 'துண்டு' முறையை 1921இல் இலங்கைச் சட்டம் தடைசெய்தது. இவ்வழக்கில் கண்காணிக்கப்பெற்றது பணி மட்டுமன்று, கடன்பட்ட ஆளுமாம்.

கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு இன்றும் தொழிலாளர் ஜீப்புகளில் நாள்தோறும் சென்று திரும்புகின்றனர். மலைத்தோட்டங்களில் வேலை வாங்குபவரைச் சுட்டக் 'கங்காணி' என்னும் சொல்லே வழங்குகிறது.

அணை வழக்கு

இதே பள்ளத்தாக்கின் பாசனம் 1895இல் திறக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையைச் சார்ந்தது. 7.5.2014 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்க இசைவளித்து, மத்திய நீர் ஆணையம், தமிழ்நாடு, கேரளம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கொண்ட குழுவையும் அமைக்கச் செய்தது. நாளிதழ்கள் அதனை 'மூவர் கண்காணிப்புக் குழு' என்றன. இங்குச் செயப்படுபொருள் அணையின் பாதுகாப்பு. 'கங்காணிக் குழு' என்னும் ஆட்சிக்கு இடமில்லை.

முடிவுரை

கல்வெட்டின் பணிசார் பொருள் 'கண்காணி' என்னும் வினையிலும் அதன் ஆக்கங்களிலும் தொடர்கிறது. ஆளைக் கட்டுப்படுத்தும் பொருள் 'கங்காணி'யில் தங்கியது. தோட்டத்துறை ஆவணங்களைப் பதிப்பிப்போர் 'கங்காணி'யைக் 'கண்காணிப்பாளர்' எனத் திருத்தினால் ஆள்திரட்டலும் கடனும் மறைந்து, ஓர் அலுவலகப் பதவியே எஞ்சும். எனவே அகராதிகள் இவ்விரண்டையும் தனித்தனித் தலைச்சொற்களாகக் கொண்டு, வேறுபட்ட பொருள்களையும் வழக்கிடங்களையும் பதிவுசெய்தல் வேண்டும்.