கல்வராயன் மலையும் கடுக்காய் மரமும்

கடலூரிலும் சிதம்பரத்திலும் பயிலும் மாணவர்களிடம் மலை மரத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால், "இங்கே மலை ஏது?" என்ற வினா எழுவது இயல்பே. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் உப்பங்கழியுமாகக் கிடக்கும் நாடு இது. ஆயினும் கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கு ஒரு மலை உண்டு. அதுவே கல்வராயன் மலை. 1993-இல் மாவட்டம் பிரிந்தபோது அம்மலை விழுப்புரத்தோடு சென்றது. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்குப் பகுதி சேலத்துக்கு உரியது. ஆட்சி எல்லை மாறினாலும் ஆறு தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. கோமுகியும் மணிமுத்தாறும் அம்மலையில் பிறந்து, வெள்ளாற்றோடு கலந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து, பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலை அடைகின்றன. மலையில் மரம் குறைந்தால் மழைநீர் நில்லாமல் ஓடும். மண்ணும் உடன் வரும். ஆகவே அந்த மலையின் செய்தி நம் வயலின் செய்தியும் ஆகும்.

அம்மலையின் மரங்களுள் கடுக்காய் மரத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகியவற்றோடு கடுக்காய் சேர்ந்தால் திரிபலை. இதனைச் சித்த மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் ஒருங்கே போற்றுவர். ஆனால் கடுக்காயை மருந்து என்று மட்டும் எண்ணுதல் போதாது. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரைச் சேர்த்துக் கோயிலும் மாளிகையும் கட்டினர். அதன் துவர்ப்பினால் தோல் பதனிட்டனர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய ஓவியத் துணிகளுக்கும் அது வேண்டியிருந்தது. கடலூருக்கு வடக்கே புதுச்சேரிப் பக்கத்தில் வாழ்ந்த கூர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், துணிக்கு வண்ணம் தீட்டும் முறையை 1742-இல் ஒரு கடிதத்தில் விரிவாக எழுதினார். துணியை எருமைப் பாலும் கடுக்காயும் கலந்த நீரில் தோய்த்த பிறகே வண்ணம் தீட்டுவர் என்று அவர் கூறுகிறார். காயின் தமிழ்ப் பெயரையும் குறித்திருக்கிறார். ஐரோப்பியச் சீமாட்டிகள் விரும்பி உடுத்திய பூந்துணியில் நம் மலைக் காய் ஒன்றின் துவர்ப்பு மறைந்திருந்தது என்பதை எண்ணுங்கள்.

இந்தக் கரையிலிருந்தே காட்டுக்கு வேறொரு தேவையும் எழுந்தது. கம்பெனியில் ஊழியம் செய்து விலகிய ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்துக் கனிமத்தை உருக்கக் கல்கரி இல்லை; மரக்கரிதான் எரிபொருள். ஓர் உலை நாள்தோறும் விழுங்கும் கரிக்கு எத்தனை மரம் வெட்டவேண்டும்! தென்னார்க்காடு, சேலம் மாவட்டக் காடுகளில் கோடரி விழுந்தது. கரி கிடைக்கும் இடம் ஆண்டுக்கு ஆண்டு தொலைவாகிக்கொண்டே போயிற்று, செலவும் ஏறிற்று. பல முறை கைமாறிய அந்த ஆலை 1860-களில் ஓய்ந்தது. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. கரிப்பஞ்சம் அவற்றுள் முதன்மையானது என்பது என் கருத்து. காயைத் தந்த மரம் ஆண்டுதோறும் தரும். கரியாகிய மரம் ஒரு முறையே தரும். உலைக்காரருக்கு இக்கணக்கு தாமதமாகவே விளங்கியது.

மலையில் வாழ்ந்தவர் நிலை என்ன? கல்வராயன் மலைக் குடிகளை மலையாளிகள் என்பர். சேர நாட்டாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டா. மலையில் வாழும் தமிழர் இவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இவர்களது வழக்கு. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூவர் பெயரால் அமைந்த ஜாகிர்களின் கீழ் அவர்கள் வாழ்ந்தனர். விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை இது என்பது மரபு. உழுதவன் ஜாகிர்தாருக்கு வரி செலுத்தினான், கூலியின்றி ஊழியமும் செய்தான். நிலத்தில் அவனுக்கு உறுதியான உரிமை இல்லை. நாடு விடுதலை பெற்றபின்னும் வழக்குகளால் இழுபட்டு, 1976-இல்தான் ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தன.

மாகாணத்தின் ஏனைய காடுகளில் 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் மரத்தை அரசுக்கு உரியதாக்கியது. காட்டு விளைபொருளை ஏலம் எடுப்பவர் ஒப்பந்தக்காரர், பொறுக்குபவர் மலைவாசி. "கடுக்காய் கொடுத்துவிட்டான்" என்றால் ஏமாற்றினான் என்று நம் மொழியில் பொருள். இங்கோ கடுக்காயைக் கொடுத்தவனே ஏமாந்தான்! ஓராண்டுக் குத்தகைக்கு வந்தவனுக்கு மறு ஆண்டைப் பற்றிய கவலை இராது. காய் முதிருமுன் பறிப்பதும், ஏறிப் பறிப்பதற்குப் பதிலாகக் கிளையையே வெட்டித் தள்ளுவதும் இத்தகைய முறையின் விளைவுகள். மரத்துக்கு உடையவன் உதிரும்வரை காத்திருப்பான். பின்னர் பழங்குடியினர் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறு வன விளைபொருள்களைத் திரட்டி விற்கும் உரிமை காட்டில் வாழ்வோருக்கே உண்டென உரைத்தது. சட்டம் தந்த உரிமை சந்தையில் நல்ல விலையாக மாறுவது வேறு பாடு.

உலகில் இன்னொரு மலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டு மலைகளில் ஒருவகைச் செர்ரி மரம் உண்டு. முதியோருக்கு வரும் சிறுநீர்க்கோளாறுக்கு அதன் பட்டையிலிருந்து மருந்து செய்கின்றனர். 1970-கள் முதல் ஐரோப்பியச் சந்தைக்காகப் பட்டையை முழுதும் உரித்ததால் மரங்கள் பட்டுப்போயின. 1995 முதல் அதன் வாணிகம் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அங்குள்ள உழவர் அம்மரத்தைத் தம் தோட்டங்களிலேயே நட்டு வளர்க்கத் தலைப்பட்டனர். பட்டைக்காக வளர்க்கும் மரம் அறுவடையில் அடிபடும். நம் கடுக்காயோ கனிக்கு உரியது. அறுவடைக்குப் பின்னும் நின்று மண்ணைக் காக்கும். இவ்வகையில் நாம் பேறு பெற்றவர்.

ஆயினும் இன்று மலை உழவன் முன் நிற்பது மரவள்ளிக் கிழங்கு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் அதனை வாங்குகின்றன; ஓராண்டிற்குள் கையில் பணம் வரும். சரிவில் நிலத்தைக் கொத்திப் பயிரிடும் கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகி மழையில் கரைகிறது. விதையிலிருந்து வளரும் கடுக்காய் மரமோ காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பசித்தவனிடம் பத்தாண்டு பொறு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஒட்டுக் கன்றுகள் அக்காலத்தைக் குறைக்கின்றன. வரப்பிலும் மேட்டிலும் கன்றை நட்டு, இடையில் சாமையும் தினையும் விதைத்தால் காத்திருக்கும் காலத்திலும் உணவு உண்டு. குரோம் முறை பரவித் தோல் தொழிலில் கடுக்காயின் தேவை குறைந்தது உண்மைதான். மருந்துத் தேவை நிற்கிறது.

இன்னொரு செய்தி. மருந்துக்குக் கடுக்காயைக் கொட்டை நீக்கியே பயன்படுத்த வேண்டும் என்பது சித்தர் மரபு. உடைப்பதும், தோலை வேறாக்கி உலர்த்துவதும், தரம் பிரிப்பதும் பெரிய இயந்திரம் வேண்டாத வேலைகள். காய் முழுதாகச் சமவெளிக்கு இறங்கினால் அந்தக் கூலி வணிகரின் கிடங்கில் சேரும். வெள்ளிமலை போன்ற ஊர்களிலேயே அது நடந்தால், மூட்டை சிறுக்கும், விலை பெருக்கும், மரத்தடியில் வாழ்பவன் கையிலும் நான்கு காசு நிற்கும்.