அச்சேறக் காத்திருந்த எழுத்து

நூல் ஒன்று எழுதப்பெறும் நாளுக்கும் அது அச்சேறும் நாளுக்கும் இடையே ஒரு காலம் உண்டு. இலக்கிய வரலாறு எழுதுவோர் நூல் வெளிவந்த ஆண்டைக் குறிப்பர். அதற்கு முன் அது எத்தனை ஆண்டுகள் பெட்டியிற் கிடந்தது, எவரெவர் கைக்கு மாறியது, யார் முன் படிக்கப்பெற்றது என்பனவற்றைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. ஆயினும் எழுதுவோர் வாழ்வில் பெரும்பகுதி அந்த இடைக்காலமே. பிறந்த மண்ணைவிட்டுப் பெங்களூரில் குடியேறி, பகலில் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைத்து, இரவில் கதையெழுதி வைக்கும் நம்மவர்க்கு அது இன்னும் நீண்ட காலம். அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

அச்சு தோன்றுவதற்கு முன்னர், நூலை வெளியிடுதல் என்பது அரங்கேற்றுதலே. கம்பர் தம் இராமகாதையைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. புலவர் படிப்பார்; அவையோர் தடை எழுப்புவர்; புலவர் விடை கூறுவர். அவை ஏற்றுக்கொண்ட பின்னர், மாணாக்கரும் அன்பரும் ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பர். 19ஆம் நூற்றாண்டிலும் இவ்வழக்கம் மறையவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஊரார் வேண்டுகோளுக்கிணங்கித் தலபுராணங்கள் பல பாடி, அவ்வவ்வூர் அவைகளில் அரங்கேற்றினார். நூலுக்கு முதலில் கேட்போர் வாய்த்தனர். பின்னரே படிகள் பெருகின. இந்த முறையை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

தமிழ் 1578ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. கொல்லத்தில் அச்சிடப்பெற்ற ‘தம்பிரான் வணக்கம்’ அப்பெருமைக்குரியது. எனினும் அச்சுக்கூடம் நெடுங்காலம் சமயம் பரப்புவோர் கையிலும் அரசின் கையிலுமே தங்கிவிட்டது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் தடைகளை நீக்கிய பின்னரே நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின. ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் சுவடிகளை அச்சேற்றித் தமிழைக் காத்தனர். 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து, தமிழில் நாவலுக்குத் தொடக்கமாயிற்று. அச்சினால் விளைந்த நன்மை அளவிடற்கரியது. ஆனால், முன்பு அவை இருந்த இடத்தில் இப்போது பணம் வந்து அமர்ந்துகொண்டது. தாள் வாங்கவும், எழுத்துக் கோக்கவும், கட்டடம் செய்யவும் பொருள் வேண்டும். பொருளற்ற எழுத்தாளன் வாயிலிலேயே நிற்க நேர்ந்தது.

அவ்வாறு நின்றவர்களுள் முதன்மையானவர் பாரதியார் என்றால் மிகையாகாது. 1920ஆம் ஆண்டு கடையத்தில் இருந்தபோது தம் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாக வெளியிட அவர் திட்டமிட்டார். நூல் ஒன்றுக்கு 10,000 படிகள், ஆக 4 இலட்சம் படிகள் என்று கணக்கிட்டு, அச்சுச் செலவுக்குக் கடன் வேண்டி அன்பர்களுக்குச் சுற்றறிக்கையும் விடுத்தார். திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். இன்று பாரதி நூல் இல்லாத தமிழ் இல்லம் அரிது. அன்று அவர் கணக்கிட்டது பேராசையன்று. காலம்தான் அவருக்குக் கடன் தரவில்லை.

பணமில்லாதோர் கண்ட வழி கையெழுத்து இதழ். பள்ளி மாணவரும் சிற்றூர் இளைஞரும் இதனை நடத்தினர். ஒருவர் கையெழுத்து அழகாக இருக்கும், அவர் எழுதுவார். மற்றொருவர் வண்ணப்படம் தீட்டுவார். உருவாவது ஒரு படியோ சில படிகளோதான். அது வீடு வீடாகச் சுற்றி வரும். படித்தவர்கள் தம் கருத்தை எழுதுவதற்கென்று இறுதியில் வெற்றுத்தாள்கள் சேர்த்துக் கட்டியிருப்பர். மு. கருணாநிதி திருவாரூரில் மாணவராக இருந்தபோது நடத்திய ‘மாணவ நேசன்’ கையெழுத்து ஏடே. 1942இல் துண்டறிக்கையாகத் தொடங்கிய ‘முரசொலி’ பின்னர் நாளேடாக வளர்ந்ததை யாவரும் அறிவர். ஆனால் பெயர் பெறாத கையெழுத்து இதழ்கள் எத்தனையோ! கறையானுக்கும் மழைக்கும் இரையானவை போக, எஞ்சியவை மிகச் சிலவே.

கையெழுத்து இதழுக்கு அடுத்த படி சிற்றிதழ். 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ சிறுகதைக்குப் பெருவழி திறந்தது. 1959இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். வெளிவந்த இதழ்கள் 119. பிறர் படைப்புகளை அச்சேற்றப் பொருளையும் உடலையும் வருத்திய அவர், நூல்களைப் பையிற் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவருடைய பெரும்புதினமான ‘சுதந்திர தாகம்’ 1997இல்தான் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதையும் அவரே வெளியிட நேர்ந்தது. அப்போது அவருக்கு அகவை 80ஐக் கடந்துவிட்டது. 1998இல் அவர் காலமானார். அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வழங்கப்பெற்றது. வாழ்நாளெல்லாம் பிறருக்கு வாயில் திறந்தவர் தம் நூலுக்குக் காத்திருந்த கதை இது.

இனி நம் நகருக்கு வருவோம். 1809இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்ததைத் தொடர்ந்து படைவீரராகவும், வணிகராகவும், கைவினைஞராகவும் தமிழர் பெருகினர். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளராகத் தமிழர் குடியேறினர். 1907இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயல் தமிழர் படிப்போராகவும் பொருளுதவுவோராகவும் விளங்கினர். அவர் 1914இல் மறைந்த பின், 1926இல் ஜி. அப்பாதுரையார் அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிக்கொணர்ந்தார். இதழில் தொடராக வந்தவை அங்கேயே நூல்களாகவும் அச்சிடப்பெற்றன. நிலத்தடியில் உழைத்தவர்கள் தம் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு எழுத்தாக நின்றது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. எழுத்து மூடப்படவில்லை.

1950இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அதன் பின்வந்த ஆண்டுகளில் பொதுத்துறைத் தொழிற்சாலைகளுக்கு வந்த தமிழர் பலர் பேனாவையும் உடன் கொண்டுவந்தனர். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு எந்திர ஆக்கத்திலும் பங்குகொண்ட சுஜாதா, இந்நகரிலிருந்தே சென்னை வார இதழ்களுக்கு எழுதிப் புகழ் கொண்டார். எல்லாருக்கும் அவ்வாய்ப்பு அமையவில்லை. கதையைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, திருப்பியனுப்புவதற்கு அஞ்சல்தலை ஒட்டிய உறையையும் உடன் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, அஞ்சற்காரர் வரும் நேரத்தில் வாயிலில் நின்றவர்கள் நம்முள் பலர். தம் கையெழுத்திலேயே முகவரி எழுதிய உறை திரும்பி வரக் கண்டால், உள்ளே இருப்பதைப் பிரித்தறிய வேண்டியதில்லை.

1970களின் பிற்பகுதியில் தமிழவன் முதலியோர் முயற்சியால் இந்நகரிலிருந்து ‘படிகள்’ என்னும் சிற்றிதழ் வெளிவந்தது. புதிய திறனாய்வுக் கொள்கைகளைத் தமிழுக்குக் கொணர்ந்த இதழ் அது. அதன் பெயர் பொருள் செறிந்தது. தமிழில் ‘படி’ என்பது பிரதி. ஏறிச்செல்லும் படியும் அதுவே. ‘வாசி’ என்னும் ஏவலும் அதுவே. எழுதியதைப் படியெடுத்து, ஒருவரைப் படிக்கச் செய்து, அதன்வழி ஒரு படி ஏறுதல் என்னும் இம்முறையில் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கிவிடுகிறது.

பின்னர்க் கணினி வந்தது. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய ‘முரசு’ மென்பொருள் தமிழைத் திரையில் எழுதும் வழிகளுள் ஒன்றாயிற்று. தொடக்கத்தில் எழுத்துருக்கள் பலவாகி, ஒருவர் அனுப்பிய கதை மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதும் உண்டு. ஒருங்குறி பரவிய பின்னர் அத்தொல்லை பெரிதும் நீங்கியது. 1999இல் தொடங்கிய ‘திண்ணை’ இணைய இதழில், பெங்களூர்வாழ் எழுத்தாளர் பாவண்ணன் தமக்குப் பிடித்த சிறுகதைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அத்தொடர் பின்னர் நூலாயிற்று. திரை முதலில், அச்சு பின்னர் என்னும் புதிய வழி இவ்வாறு உறுதிப்பட்டது.

2014இல் இப்பெங்களூரிலேயே ‘பிரதிலிபி’ என்னும் இணையத் தளம் தோன்றியது. பார்த்தெழுதிய படி என்பதே அப்பெயரின் பொருள். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எவரும் தாம் எழுதிய கதையைப் பதிப்பாசிரியரின் இசைவுக்குக் காத்திராமல் அதில் வெளியிடலாம். இல்லத்தரசியரும், மாணவரும், ஓய்வு பெற்றோரும் எழுதலாயினர். 2022இல் மூடப்படவிருந்த ‘வெஸ்ட்லேண்ட்’ என்னும் அச்சுப் பதிப்பகம் அதே ஆண்டில் இந்நிறுவனத்தோடு சேர்ந்து மீண்டும் தொடங்கியது. அச்சின் வாயிலில் காத்திருந்த திரை, அச்சுக்கே இடமளித்தது.

ஆகவே காத்திருப்பு முடிந்துவிட்டதா? முடியவில்லை. இணையத்தில் ஆயிரம் பேர் படித்தாலும், தம் பெயர் பொறித்த நூலைக் கையில் ஏந்தும் வேட்கை எழுதுவோர்க்குக் குறையவில்லை. அவ்வேட்கை இழுக்கன்று. ஆனால் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். அரங்கேற்றத்தில் தடை எழுப்புவோர் இருந்தனர். கையெழுத்து இதழில் வெற்றுத்தாளில் குறை எழுதும் அண்டை வீட்டார் இருந்தனர். இன்று பாராட்டு எண்ணிக்கையாக வருகிறது. திருத்தம் வருவது அரிதாயிற்று. மேலும், கையெழுத்துப் படியைக் கறையான் தின்றதுபோலத் திரையிலுள்ள எழுத்தும், தளம் மூடப்படும் நாளில் மறைந்துபோகும்.

எனவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. திங்கள்தோறும் ஒரு மாலை கூடி, எழுதியதை உரக்கப் படிப்போம். அன்போடு தடை எழுப்புவோம். எழுதியவற்றுக்கு நாள் குறித்து, வெவ்வேறு இடங்களில் படிகள் வைப்போம். பரண்மேல் கிடக்கும் தாத்தாவின் குறிப்பேட்டைப் பழந்தாள் வணிகருக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்போம். அவர்கள் படியாவிடில் நாம் அச்சேற்றி ஆவதென்ன?

அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பின் காரணமாகத் திறக்கப்படாமல் துணி மூடியே நின்றதை நாம் அறிவோம். 18 ஆண்டுகள் கழிந்தன. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. அதற்கு ஈடாக அதே ஆகஸ்டு 13ஆம் நாள் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பெற்றது. மூடியிருந்த அத்தனை ஆண்டுகளிலும் சிலை சிலையாகவே இருந்தது. இல்லாதிருந்தது காண்போர் மட்டுமே. நம் பெட்டிகளில் உறங்கும் எழுத்தும் அத்தகையதே. அதற்கு முதற் கண்ணாக நம் வீட்டுப் பிள்ளையின் கண் அமையட்டும். அச்சு பின்னர் வரும்.