மரவள்ளி நட்ட கைகள்



“ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கிழங்கு தின்னு உயிர் பிழைச்சோம்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கிழங்கை நட்டது யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. ரப்பரை வாங்க ஆளில்லை. பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கி வந்த நாடு. அந்த வரத்தும் குறைந்து போனது.

அடுத்த அடி ஆண்கள் மேல் விழுந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதை போட, முதலில் கூலியும் சாப்பாடும் தருவதாக ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்தே கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

லயத்தில் மிஞ்சியவர்கள் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும்தான். பிள்ளையின் வயிறு காத்திருக்குமா? பால்வாளியை வைத்துவிட்டுப் பெண்கள் மண்வெட்டியைத் தூக்கினார்கள். காலி நிலத்தைக் கொத்தி மரவள்ளிக் குச்சியை நட்டார்கள். கிழங்கு முற்ற எட்டு, பத்து மாதம் ஆகும். அதுவரை கீரையும் சர்க்கரைவள்ளியும்தான் கைகொடுத்தன. கசப்பு மரவள்ளியை ஊறப்போட்டு நன்றாக வேக வைக்காவிட்டால் விஷம். அதையும் அவர்களே கவனித்துக் கொண்டார்கள். துணி கிடைக்காமல் சாக்கை உடுத்திக்கொண்டு வேலை செய்தவர்களும் உண்டு.

கிழங்கு வயிற்றை நிரப்பியது, சத்து தரவில்லை. மலேரியாவும் சேர்ந்துகொள்ள, எத்தனையோ பிள்ளைகளைப் புதைத்துவிட்டு மறுநாள் மீண்டும் கொல்லைக்குப் போன தாய்மார்கள் அவர்கள்.

போருக்கு முன் தோட்டக் கூலிக் கணக்கில் ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசுதான். குறைந்த கூலிக்குரியவள் என்று கணக்கில் எழுதப்பட்டவள்தான், ஆணில்லாத வீட்டில் முழுக் குடும்பத்தையும் தாங்கினாள்.

1943இல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களைப் போற்றுகிறோம்; அது நியாயமே. துப்பாக்கி பிடித்த கையை நினைக்கும்போது, மண்வெட்டி பிடித்த கையையும் நினைக்க வேண்டாமா?

மாணவர்களே, அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் சொன்ன கதைகள் உங்கள் பாட்டியிடமும் தாத்தாவிடமும் இருக்கின்றன. இன்று வீட்டுக்குப் போனதும் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் வீட்டு வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?