படம் ஏன் ஏற மறுக்கிறது? ஒரு சிறு வரலாறு

நம் சங்க இணையதளத்தில் படம் ஏற்றும்போது ‘இந்தக் கோப்பு செல்லாது’ என்று வருவதாகப் பலர் சொல்கிறார்கள். போனில் பளிச்சென்று தெரியும் படம் அங்கே ஏன் செல்லாமல் போகிறது?

1995 நவம்பரில் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர், இணையப் படிவம் வழியாகக் கோப்பையும் அனுப்பும் முறையை முன்வைத்தார்கள். அன்று இணையத்தில் படம் என்றால் பெரும்பாலும் 1987-இல் வந்த ஜிஃப், 1992-இல் தரமாக்கப்பட்ட ஜேபெக் இரண்டும்தான். பிஎன்ஜி 1996-இல் சேர்ந்தது.

பெயரின் கடைசியில் வரும் ‘.ஜேபிஜி’ வெறும் பெயர்ப்பலகை. யாரும் மாற்றி எழுதலாம். 2016-இல் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் ஓர் ஓட்டை வெளியானது. படம் என்று பெயர் சூட்டிய கோப்புக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பினால், சர்வர் அதை நிறைவேற்றிவிடும். எனவே பெயரை நம்பாமல், கோப்பின் முதல் சில பைட்டுகளைச் சோதிக்க வேண்டும் என்று அப்போது வலியுறுத்தினார்கள். ஜேபெக் என்றால் அவை ‘எஃப்எஃப் டி8 எஃப்எஃப்’ என்றே தொடங்கும்.

2017-இல் ஐபோன், இடம் மிச்சமாகும் ஹெச்இஐசி வடிவத்துக்கு மாறியது. அந்தப் படத்துக்கு ‘.ஜேபிஜி’ என்று பெயர் மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது; சோதனையில் சிக்கிவிடும். செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே வரும். பழைய படங்களை ஜேபெக்காக மாற்றிய பிறகு ஏற்றுங்கள்.

நம் வீட்டு எண்களும் கைப்பேசி எண்களும் இருப்பது அதே சர்வரில்தான். கேட்டில் செக்யூரிட்டி பெயரைக் கேட்பதோடு விடாமல் ஆளையும் பார்ப்பதில்லையா? இதுவும் அப்படித்தான்.