மஜூஸிகளின் பாலாடைக்கட்டியும் பார்மாவின் பாலாடைக்கட்டியும்

கால்நடைகளின் வயிற்றில் சாணத்திற்கும் இரத்தத்திற்கும் இடையிலிருந்து தூய பாலை வெளிப்படுத்தித் தருவதை அல்லாஹ் தன் திருமறையில் (16:66) ஒரு படிப்பினையாகக் குறிப்பிடுகிறான். அந்தப் பாலை மாதக்கணக்கில் கெடாமல் வைத்து உண்ண மனிதன் கண்ட வழியே பாலாடைக்கட்டி. பார்மிஜானோ, ரோக்ஃபோர்ட் போன்ற ஐரோப்பியப் பெயர்கள் இன்று நம் நகரக் கடைகளிலும் தென்படுகின்றன. உடனே, 'இது ஹலாலா?' என்ற கேள்வியும் எழுகிறது. இக்கேள்வி நம் காலத்தில் பிறந்ததன்று. ஸஹாபாக்களின் காலத்திலேயே கேட்கப்பட்டது.

கேள்வியின் வேர் பாலில் இல்லை; பாலை உறையவைக்கும் பொருளில் இருக்கிறது. நாம் தயிருக்குப் பிரை ஊற்றுகிறோம். கெட்டியான பாலாடைக்கட்டிக்கு அது மட்டும் போதாது. பால் மட்டுமே குடித்து வளரும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் நான்காம் இரைப்பையில் பாலைத் திரளச்செய்யும் ஒரு நொதி உண்டு. அதை எடுத்துச் சேர்ப்பதே பழைய முறை. அரபியில் இதற்கு 'இன்ஃபஹா' என்று பெயர். இன்றைய வணிகத்தில் ரென்னட் என்கிறார்கள். எனவே, அக்குட்டி எந்த இனம், அதை அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்ற வினாக்கள் பாலாடைக்கட்டியையும் தொடர்ந்து வருகின்றன.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக்கில் நபி (ஸல்) அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டபோது, அவர்கள் கத்தியை வரவழைத்து, பிஸ்மில்லாஹ் கூறி அதை வெட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) வழியாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பின்னர் பாரசீகம் வெற்றிகொள்ளப்பட்டபோது, நெருப்பை வணங்கிய மஜூஸிகள் செய்த பாலாடைக்கட்டி முஸ்லிம்களின் முன் வந்தது. அவர்கள் அறுத்த பிராணி நமக்கு ஆகாது. ஆனால் அவர்களது பாலாடைக்கட்டியை ஸஹாபாக்கள் உண்டதாக அறிவிப்புகள் உள்ளன. அல்லாஹ் ஆகுமாக்கியது ஹலால், தடுத்தது ஹராம், அவன் மௌனமாக விட்டது மன்னிக்கப்பட்டது என்ற கருத்துடைய புகழ்பெற்ற அறிவிப்பும், நெய், பாலாடைக்கட்டி, காட்டுக்கழுதை பற்றிய கேள்விக்கு ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) வழியாக வந்த பதிலே. அதை ஸல்மான் (ரலி) அவர்களின் சொந்தக் கூற்றாகக் கொள்வதே பொருத்தம் என இமாம் திர்மிதீ கருதினார்கள்.

இங்கிருந்தே மத்ஹபுகள் பிரிந்தன. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் இன்ஃபஹாவும் தூய்மையானதே என்றார்கள் இமாம் அபூஹனீஃபா. ஸஹாபாக்கள் மஜூஸிகளின் பாலாடைக்கட்டியை உண்டது அக்கருத்துக்கு ஆதாரமாயிற்று. பிற்காலத்தில் இப்னு தைமிய்யாவும் இதையே ஏற்றார்கள். மாலிகீ, ஷாஃபிஈ அறிஞர்களும் ஹன்பலீகளில் பெரும்பாலோரும் அது நஜீஸ் என்றார்கள். மஜூஸிகளுக்குப் பிராணிகளை அறுத்துக் கொடுத்தவர்கள் யூதர்களும் கிறிஸ்தவர்களுமே என்பது அவர்கள் தரப்பு விளக்கம். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபினரும் வாழும் தமிழகத்தில் ஒரே துண்டைப் பற்றி இருவேறு பதில்கள் வருவதன் காரணம் இதுதான்.

ஐரோப்பாவின் பாலாடைக்கட்டி முஸ்லிம் நாடுகளுக்கு வந்ததும் பழைய செய்தியே. ஸ்பெயினின் தொர்தோஸாவில் பிறந்து, 1126இல் அலெக்சாந்திரியாவில் மறைந்த மாலிகீ அறிஞர் அபூபக்ர் அத்துர்தூஷீ, 'ரூமீ' பாலாடைக்கட்டியைத் தடுத்துத் தனி நூலே எழுதினார்கள். மக்கள் அதை விரும்பி வாங்கியிராவிட்டால் அப்படியொரு நூலுக்குத் தேவையே எழுந்திராது. இன்றும் எகிப்தியர் தம் நாட்டுக் கெட்டிப் பாலாடைக்கட்டி ஒன்றை 'ரூமீ' என்றே அழைக்கின்றனர்.

ஐரோப்பிய முறைகள் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் நாம் அறியவேண்டும். முதலாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் காதிஸில் பிறந்த ரோமானிய வேளாண் அறிஞர் கொலுமெல்லா, ஆட்டுக்குட்டியின் இன்ஃபஹாவோடு முட்செடியின் பூவையும் அத்திமரப் பாலையும் உறைபொருளாகக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தத் தீபகற்பத்தில் பூவைக் கொண்டு உறையவைக்கும் வழக்கம் இன்னும் அழியவில்லை. போர்த்துகலின் செர்ரா தா எஷ்ட்ரேலா மலைநாட்டில் செம்மறியாட்டுப் பாலை, 'கார்டோ' எனும் முட்செடியின் ஊதாப் பூவை ஊறவைத்த நீரால் உறையவைக்கிறார்கள். இதில் அறுப்பு பற்றிய கேள்வியே எழுவதில்லை.

இத்தாலியின் பார்மா, ரெஜ்ஜோ பகுதிகளில் கிறிஸ்தவத் துறவியர் மடங்களில் வளர்ந்த பார்மிஜானோவோ கன்றின் ரென்னட் இன்றி ஆவதில்லை. மாலைப் பாலை இரவில் வைத்து ஆடை எடுத்து, காலைப் பாலோடு செப்புக் கொப்பரையில் கலக்கிறார்கள். பால், உப்பு, ரென்னட் தவிர வேறெதையும் விதிகள் அனுமதிப்பதில்லை. ஏறத்தாழ 550 லிட்டர் பால் சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டாகிறது. அது குறைந்தது 12 மாதம் முதிரவேண்டும். பின்னர் ஆய்வாளர் சிறு சுத்தியலால் தட்டி, ஓசையைக் கேட்டே உள்ளிருக்கும் குறையைக் கண்டுபிடிக்கிறார். பிரான்ஸின் எப்புவாஸ் என்னும் வகையிலோ வேறொரு சிக்கல். அதன் மேற்பரப்பைத் திராட்சைச் சாராயம் கலந்த நீரால் கழுவுகிறார்கள்.

நவீன காலம் வேறு வழிகளையும் திறந்தது. 1874இல் டென்மார்க்கின் கிறிஸ்டியன் ஹான்ஸன் சீரான தரமுள்ள ரென்னட்டை ஆலையில் தயாரித்தார். 1990இல், நுண்ணுயிரிகளைக் கொண்டு உருவாக்கிய அதே நொதிக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இன்று உலகில் பெரும்பகுதிப் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை இன்றியே தயாராகிறது. பழம்பெயர் கொண்ட உயர்வகைகள் சிலவே தம் விதிப்படி பழைய முறையில் நிற்கின்றன.

ஆகவே, 'ஐரோப்பியப் பாலாடைக்கட்டி எல்லாம் ஹராம்' என்று பொதுவாகச் சொல்வது அறிவன்று. 'பால்தானே' என்று விட்டுவிடுவது பேணுதலும் அன்று. உறையின் மேல் எழுதியிருப்பதை வாசிப்போம். நம் நாட்டுப் பச்சைக் குறி விலங்கு ரென்னட் இல்லை என்பதைச் சொல்லும். சாராயத்தைப் பற்றிச் சொல்லாது. ஐயம் நீடித்தால் நம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்போம். தவிர்ப்பவரை மிகைப்படுத்துபவர் என்றோ, ஹனஃபீ தீர்ப்பின்படி உண்பவரை ஹராம் உண்பவர் என்றோ ஏசவேண்டாம். கருத்து வேறுபட்ட நம் இமாம்கள், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை விசாரித்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். விருந்தில் பரிமாறப்படும் ஒரு துண்டுக்காகச் சகோதரரின் மார்க்கத்தை எடைபோடுமுன், அந்த விசாரணையையேனும் நாம் செய்திருக்க வேண்டும்.

அல்லாஹு அஃலம்.