லிண்டன் மரத்தடியில ஒரு நடை

பெர்லின்ல ஒரே ஒரு தெருவுல நடக்கத்தான் நேரம் இருக்குன்னா, யோசிக்காம 'உண்டர் டென் லிண்டன்'ல நடங்க மக்களே. 'லிண்டன் மரங்களுக்குக் கீழே'ன்னு அர்த்தம். பிராண்டன்பர்க் வாசல்ல இருந்து அரண்மனைப் பாலம் வரைக்கும் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். 1647ல பிராண்டன்பர்க்கை ஆண்ட பிரடெரிக் வில்லியம், அரண்மனையில இருந்து வேட்டைக்காட்டுக்குப் போற வழியில மரம் நட்டார். இப்ப நிக்கிறது அந்த மரங்கள் இல்லை. பழசை எல்லாம் 1930கள்ல ஹிட்லர் ஆட்சியில வெட்டிட்டாங்க.

வாசல் 1791ல கட்டி முடிஞ்சது. மேல இருக்கிற நாலு குதிரை ரதத்தை 1806ல நெப்போலியன் பாரிஸுக்குத் தூக்கிட்டுப் போனார்; 1814ல திரும்பி வந்துச்சு. 1961ல சுவர் வந்ததும் 28 வருஷம் யாரும் நுழைய முடியாத வாசலா நின்னு, 1989 டிசம்பர் 22ல மறுபடி திறந்தது.

அப்படியே கிழக்கே நடந்தா இடது பக்கம் 1810ல தொடங்கின ஹம்போல்ட் பல்கலைக்கழகம். எதிர்ல ஒரு சதுக்கம், பேபெல்பிளாட்ஸ். ஒரு பக்கம் ஓபரா, இன்னொரு பக்கம் பழைய அரசு நூலகம். படிப்பு, பாட்டு, புத்தகம் மூணுக்கும் நடுவுல இருக்கிற இந்த இடத்துலதான் 1933 மே 10 ராத்திரி சுமார் 20,000 புத்தகங்களை எரிச்சாங்க. மார்க்ஸ், பிராய்ட், ஹைனே... யாரும் தப்பலை. எரிச்சது படிக்காத கும்பல்னு நினைச்சுடாதீங்க. முன்னால நின்னது மாணவர்கள், கூடவே பேராசிரியர்கள்!

'எமிலும் துப்பறிவாளர்களும்' எழுதின எரிக் கேஸ்ட்னர் அன்னிக்குக் கூட்டத்துல நின்னு, தன் புத்தகம் நெருப்புல விழறதைப் பார்த்துட்டிருந்தார். சத்தம் போட முடியுமா? போட்டா அடுத்து அவர்தான். ஆனாலும் மனுஷன் நாட்டை விட்டுப் போகலை.

1995ல மிக்கா உல்மன்ங்கிற இஸ்ரேலியச் சிற்பி அங்க ஒரு நினைவிடம் செஞ்சார். சிலை, தூண்னு எதுவும் கிடையாது. தரையில ஒரு கண்ணாடி. குனிஞ்சு பார்த்தா கீழே ஒரு வெள்ளை அறை, சுத்தி 20,000 புத்தகம் வைக்கிற அளவுக்குக் காலி அலமாரிகள். அறைக்குள்ள இறங்க வழியே இல்லை.

வாசல் முன்னாடி எல்லாரும் போட்டோ எடுத்துக்குவாங்க, நீங்களும் எடுத்துக்கோங்க. ஆனா நம்மள மாதிரி எதையாவது எழுதிக்கிட்டு இருக்கிறவங்க, இந்தக் கண்ணாடி மேல அஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போகணும்.