தாய் கேட்ட ஒலி

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பு எலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்தி நிற்பதாலேயே நாம் நேரே நடக்கிறோம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இப்பொருத்தம் அமைவதில்லை. வலி இல்லாமையால் பெற்றோர் அதனை அறியார். குழந்தை நடைபழகிச் சாய்ந்து சாய்ந்து நடக்கும்போதுதான் குறை புலனாகும். அதற்குள் குழி ஆழமின்றி வளர்ந்துவிடுகிறது. இக்குறைக்கு மருத்துவர்கள் வழிகண்ட வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கருவிலேயே மூட்டு விலகுவதுண்டு என்பதைப் பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸ் காலத்திலேயே அறிந்திருந்தனர். 1826-இல் பாரிஸ் நகரத்து டுப்யூய்த்ரன் இதனைத் தெளிவுற விவரித்தார். ஆயினும் தீராத குறை என்றே கருதினார்.

வியன்னாவில் வாழ்ந்த அடால்ஃப் லோரென்ஸ் என்பவருக்கு, கிருமிகளைக் கொல்லப் பயன்பட்ட கார்பாலிக் அமிலம் ஒவ்வாமற் போயிற்று. ஆகவே அவர் கத்தியைக் கைவிட்டு, விலகிய எலும்பைக் கைவன்மையாலேயே குழிக்குள் செலுத்தி மாவுக்கட்டுப் போட்டார். 1902-இல் சிக்காகோச் செல்வர் ஒருவரின் மகளுக்குச் சிகிச்சை செய்யச் சென்றபோது அவர் புகழ் அமெரிக்காவெங்கும் பரவியது. ஆனால் வலிந்து திருப்பியதால் எலும்புத் தலையின் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில குழந்தைகளுக்கு அவ்வெலும்பே நலிவுற்றது.

வேண்டியது வன்மையன்று, காலத்தே அறிதல் என்பதை உணர்த்தியவள் ஒரு தாய். குழந்தையைக் கழுவும்போது இடுப்பில் 'களுக்' என்ற ஒலி எழுவதை அவள் இத்தாலிய மருத்துவர் ஓர்ட்டோலானியிடம் தெரிவித்தாள். அவர் அதனை ஆராய்ந்து, தொடையை மெல்ல விரித்துக் குறையறியும் முறையை 1937-இல் வெளியிட்டார். 1962-இல் இங்கிலாந்தின் பார்லோ மற்றொரு சோதனையைச் சேர்த்தார். செக் நாட்டுப் பாவ்லிக், முழங்கால்களை மடக்கித் தொடைகளை அகற்றிவைக்கும் வார்க்கச்சையை அமைத்தார். குழந்தை தானே காலை அசைக்க அசைக்க, எலும்பு வருத்தமின்றிக் குழியில் அமைகிறது.

கால்களை நீட்டி இறுகச் சுற்றுவது இம்மூட்டிற்குத் தீங்கு. 1975 முதல் ஜப்பானில் அவ்வழக்கத்தை விடுமாறு தாய்மாருக்கு அறிவுறுத்தியபின் இக்குறை பெரிதும் அருகியது. நம் நாட்டுத் தாய்மார் குழந்தையை இடுப்பில் ஏந்தும்போது அதன் தொடைகள் இயல்பாகவே விரிந்திருக்கின்றன, அது நன்று. எனினும் அது பரிசோதனைக்கு ஈடாகாது.

பிறந்த குழந்தையின் இடுப்பைச் சோதிக்கச் சில நிமிடமே போதும். அதனை நாம் கேட்டுப் பெற மறந்தால், குழந்தை வாழ்நாளெல்லாம் நொண்டி நடக்க நேரிடலாம்.